அப்டேட் வந்தது, பழைய பாக்கி போனது: அடுத்து என்ன செய்வது?

பழகிய மென்பொருளில் ஒரு வசதி திடீரென்று இல்லாமல் போனால் நமக்கு ஐந்து வழிகள் உண்டு. புதியதைப் பழகிக்கொள்ளலாம். பழைய பதிப்புக்குத் திரும்பலாம். வெளியிலிருந்து ஏதாவது ஒட்டுப் போட்டுச் சமாளிக்கலாம். வேறு மென்பொருளுக்கு மாறலாம். செய்தவர்களிடமே கேட்டுத் திரும்ப வாங்கலாம். நான் பார்த்தவரையில் முக்கால்வாசிப் பேர் இந்த ஐந்தில் எதையும் எடுப்பதில்லை. காலையில் கணினியைத் திறக்கும்போது ஒருமுறை, மாலையில் மூடும்போது ஒருமுறை திட்டிவிட்டு அப்படியே ஓட்டுகிறார்கள். அதுவும் ஒரு முடிவுதான். ஆனால் ஐந்தையும்விடச் செலவு கூடிய முடிவு.

என் அத்தானுக்குத் திருநெல்வேலி டவுனில் மளிகை மொத்தக் கடை. பில் போட ஒரு மென்பொருள் வைத்திருக்கிறார். பெயர் இங்கே தேவையில்லை. அதில் ஒவ்வொரு பில்லின் அடியிலும் மூன்று வரிகள் அச்சாகும்: பழைய பாக்கி, இன்றைய பில், ஆக மொத்தம். ஒருநாள் இரவு அப்டேட் ஏறியது. மறுநாள் பில்லில் இன்றைய தொகை மட்டும் இருந்தது. பாக்கி வரி இருந்த இடத்தில் பணம் அனுப்புவதற்கான கியூஆர் கட்டம் உட்கார்ந்திருந்தது.

வெளியாள் பார்த்தால் இரண்டு வரிதானே என்று தோன்றும். அத்தானிடம் சரக்கெடுக்க வருகிறவர்கள் சுத்தமல்லி, மானூர், முக்கூடல் பக்கத்துச் சிறு கடைக்காரர்கள். பலர் தனியாகக் கணக்கு நோட்டு வைப்பதில்லை. வாங்கிப்போன பில்லைக் கம்பியில் குத்தி வைப்பார்கள். கடைசியாகக் குத்திய பில்லின் அடிவரிதான் அவர்களுக்குக் கணக்கு. "என்ன அண்ணாச்சி, பாக்கியத் தள்ளுபடி பண்ணிட்டீயளா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டவர்கள் உண்டு. சிரிக்காமல் கேட்டவர்களும் உண்டு. பாக்கியை இப்போது காட்டாமல் வைத்துவிட்டு, தீபாவளி நேரத்தில் ஒரு தொகையை ஏற்றிச் சொல்வாரோ என்ற சந்தேகம். மென்பொருளை விற்ற ஏஜென்சியில் கேட்டபோது, "பாக்கி எங்கயும் போகல சார், ரிப்போர்ட்டுக்குள்ள போனா பார்ட்டி வாரியா இருக்கு" என்றார்கள். உண்மைதான். ஆனால் கவுண்டருக்கு முன்னால் மூட்டையோடு நிற்பவருக்கு அந்த உண்மையால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

எடுத்தவர்கள் ஏன் எடுக்கிறார்கள் என்பதை இங்கேயே பார்த்துவிடலாம். போனது திரும்ப வருமா வராதா என்பது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

ஒரு காரணம், அடியிலிருந்து திருப்பி எழுதுவது. 2021 அக்டோபர் 5 அன்று விண்டோஸ் 11 வந்தபோது, திரையின் அடியில் இருக்கும் பட்டையான டாஸ்க்பார் புதிதாக எழுதப்பட்டிருந்தது. திறந்திருக்கும் ஜன்னல்களைப் பெயரோடு தனித்தனியாகக் காட்டுவது, ஒரு கோப்பை இழுத்துவந்து டாஸ்க்பாரில் இருக்கும் செயலியின் மேல் பிடிப்பது, அந்தப் பட்டையையே திரையின் மேலேயோ பக்கவாட்டிலோ நகர்த்துவது எல்லாம் பழையதில் இருந்தன, புதியதில் இல்லை. இன்னொரு காரணம் பாதுகாப்பு. 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் 57-ஆம் பதிப்பு வந்ததும், அதில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் ஆட்-ஆன்களில் பழைய வகை மொத்தமும் வேலை செய்யாமல் போயின. உலாவியின் உள்பகுதி வரை யாரும் கைவைக்கலாம் என்ற அந்த முறையை விட்டால்தான் வேகமும் பாதுகாப்பும் வரும் என்று அதைச் செய்யும் மொசில்லா முடிவெடுத்திருந்தது.

மூன்றாவது, எண்ணிக்கை. எந்தப் பொத்தானை எத்தனை பேர் அமுக்குகிறார்கள் என்று இணையம் வழியாக எண்ணி, குறைவாக இருப்பதைக் கழித்துவிடுவது. நம் ஊர்க் கடைகள் அடிபடுவது இதில்தான். கவுண்டர் கணினிக்கு நெட் எதற்கு என்று ஒயரைப் பிடுங்கி வைத்திருப்பவர், ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தப் பொத்தானை அமுக்கினாலும் அந்தக் கணக்கில் பூஜ்யம். எழுதி முடிக்காததால் விட்டுப்போனது பிறகு வரலாம். பாதுகாப்புக்காக எடுத்தது வராது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். எண்ணிக்கை பார்த்து எடுத்தது, போதுமான ஆட்கள் கேட்டால் வரும்.

கை, கோப்பு, எதிரே நிற்பவர்

சரி, ஐந்து வழியில் எது என்று யோசிக்கும் முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். போன வசதி எதைத் தொட்டுக்கொண்டிருந்தது?

சில வசதிகள் கையைத் தொடுபவை. பொத்தான் இருந்த இடம், சுருக்கு விசை, மெனுவின் வரிசை. தினமும் இறங்கும் ஆற்றுப் படித்துறையில் யாரோ ஒரு படியை எடுத்துவிட்டால் தடுமாறுவது கால்தான். ஆறு அங்கேயேதான் ஓடுகிறது. சில வசதிகள் கோப்பைத் தொடுபவை. போன வருடம் செய்த வேலை இந்த வருடம் திறக்காது, அல்லது திறந்தாலும் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக நிற்கும். இன்னும் சில, எதிரே நிற்கும் மூன்றாம் மனிதரைத் தொடுபவை: வாடிக்கையாளர், ஆடிட்டர், அச்சகம், வங்கி. நாம் எவ்வளவு பழகிக்கொண்டாலும் அவர் பழக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இதில் எனக்கு எப்போதும் வேடிக்கையாகப்படுவது, கோபமும் நஷ்டமும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. கை விஷயம் போனால் அன்றைக்கே கூச்சல் வரும், உள்ளபடி நஷ்டம் சொற்பம். கோப்பு விஷயம் போனால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியவே தெரியாது. ஆடி மாதம் போன வருடக் கோயில் கொடை விழா நோட்டீஸைத் திறக்கும்போதுதான் தெரியும்.

பழகிக்கொள்வது

கை விஷயம் என்றால் பெரும்பாலும் இதுவே மலிவு. 2020 நவம்பரில் டாலி என்ற கணக்கு மென்பொருளின் புதிய பதிப்பான டாலி பிரைம் வந்தபோது பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை ஆடிட்டர் ஆபீஸ்களில் வேலை பார்க்கும் பலருக்கும் எரிச்சல். அதற்கு முந்தைய ஈஆர்பி 9-இல் கண்ணை மூடிக்கொண்டு விரல் ஓடியவர்கள் அவர்கள். இறங்கிப் பார்த்தால் மாறாததுதான் அதிகம். எஃப்4 கான்ட்ரா, எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீப்ட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கிரெடிட் நோட்டுக்குக் கன்ட்ரோல் எஃப்8 என்றிருந்தது ஆல்ட் எஃப்6 ஆயிற்று. டெபிட் நோட்டுக்குக் கன்ட்ரோல் எஃப்9 என்றிருந்தது ஆல்ட் எஃப்5 ஆயிற்று. அக்கவுன்டிங் வவுச்சர், இன்வென்டரி வவுச்சர் என்று இரண்டாக இருந்த வாசல் ஒன்றானது. பதிலுக்கு ஆல்ட் ஜி வந்தது: பாதி வவுச்சரில் நிற்கும்போதே அதை விட்டு வெளியே வராமல் ஒரு லெட்ஜரைப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஒரு மாதம் கழித்து அதைப் பிடுங்கினால் அதற்கும் கூச்சல் வந்திருக்கும்.

பழகும் முறையில் ஒரு சின்ன விஷயம். மாறிய விசைகளை மட்டும் ஒரு தாளில் எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டுங்கள். மொத்தப் பட்டியலையும் அச்செடுத்து ஒட்டினால் யாரும் பார்ப்பதில்லை. சில நேரம் பழைய பாதை மூடப்படாமலே இருக்கும். 2007-இல் மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் மெனுக்கள் போய் ரிப்பன் என்ற பொத்தான் பட்டை வந்தது. ஆனாலும் எக்செல்லில் ஆல்ட், ஈ, எஸ் என்று பழைய மெனு விசைகளை வரிசையாகத் தட்டினால் பேஸ்ட் ஸ்பெஷல் இன்றும் திறக்கும். திரையில் எங்கேயும் அது எழுதியிருக்காது.

ஆனால் "பழகிக்கோங்க சார்" என்பது எல்லாவற்றுக்கும் மருந்து என்று விற்பவர்கள் சொல்லும்போது எனக்கு ஒப்புதல் இல்லை. அத்தான் பழகிக்கொள்ளத் தயார்தான். முக்கூடலிலிருந்து வருகிறவரை யார் பழக்குவது?

பழையதிலேயே இருப்பது

நம் ஊரில் மனசுக்கு மிகவும் பிடித்த வழி இது. "ஓடுத வண்டிய ஏன் மாத்தணும்?" இதில் இரண்டு விதம் உண்டு: அப்டேட்டே போடாமல் இருப்பது, போட்டபின் திரும்புவது.

திரும்புவதற்குக் கெடு உண்டு. விண்டோஸின் பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பிறகு பழையதற்குப் போக 10 நாள் வரை செட்டிங்ஸிலேயே வழி இருக்கும். அதன்பின் பழைய கோப்புகள் தானாக அழிக்கப்படும். பிறகு எல்லாவற்றையும் எடுத்துவைத்துவிட்டுப் புதிதாக ஏற்றுவதுதான். கணக்கு மென்பொருளில் கெடு இன்னும் கறார். புதிய பதிப்பு தரவைத் தன் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் பழைய பதிப்பு அதைத் திறக்காது. அப்டேட்டுக்கு முந்தைய பேக்கப் இருந்தால்தான் திரும்பலாம். அப்போதும் நடுவில் போட்ட பில்களை உட்கார்ந்து மறுபடி ஏற்ற வேண்டும். ஆகவே "கொஞ்ச நாள் பார்ப்போம், பிடிக்கலன்னா பழசுக்குப் போவோம்" என்பது நடக்காத பேச்சு. ஒவ்வொரு நாளும் திரும்பும் பாதையின் தூரம் கூடுகிறது. திரும்புவதானால் முதல் இரண்டு மூன்று நாளில் முடிவெடுக்க வேண்டும்.

சில இடங்களில் திரும்பவே முடியாது. 2024 மே மாதம் சோனாஸ் என்ற ஸ்பீக்கர் நிறுவனம் தன் செயலியை முழுக்க மாற்றியது. அலாரம், ஸ்லீப் டைமர் மாதிரி பழகிய வசதிகள் காணாமல் போய்ப் பெரிய ரகளை ஆனது. பழைய செயலியைத் திரும்பக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நிறுவனம் அதை யோசித்துப் பார்த்துவிட்டு, பின்னால் இருக்கும் சர்வர்களும் ஸ்பீக்கர்களின் மென்பொருளும் மாறிவிட்டதால் பழையதைக் கொடுத்தால் சிக்கல் கூடும் என்று கைவிட்டது. அடுத்த ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகினார். நம் கையில் இருக்கும் பாதியைத் திருப்பலாம். சர்வரில் இருக்கும் பாதியைத் திருப்ப நம்மால் ஆகாது. வங்கிச் செயலி, பணம் அனுப்பும் செயலி எல்லாம் இந்த ரகம். ஃபோனில் வேண்டுமானால் பிளே ஸ்டோரில் அந்தந்தச் செயலியின் பக்கத்தில் மூன்று புள்ளியைத் தொட்டு ஆட்டோ அப்டேட்டை எடுத்துவிடலாம். அது தள்ளிப்போடும், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் பழைய பதிப்பு ஏபிகே கோப்பை மட்டும் ஏற்றாதீர்கள். அதற்குள் வேறு என்ன இருக்கிறது என்று அனுப்பியவருக்கே தெரியாது.

இணையத்தோடு இருக்கும் கணினியில் பழையதிலேயே கிடப்பதற்கு விலை உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. நீட்டிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் சேராத கணினிக்கு அதன்பின் ஓட்டை அடைக்க ஆள் இல்லை. அதிலேயே ஜிஎஸ்டி தளம், அதிலேயே நெட் பேங்கிங் என்று வைத்திருப்பவர்களிடம் நான் வாதாடிக் களைத்துவிட்டேன்.

ஆனால் இதே வழி முழுக்கச் சரியாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. அது கோப்பு விஷயம்.

பாளையங்கோட்டையில் டிடிபி கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர், பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரை இன்னும் விடவில்லை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பள்ளி ஆண்டு மலர், அப்புறம் சித்திரையிலும் ஆடியிலும் கொடை நோட்டீஸ். கொடை நோட்டீஸ் என்பது வருடா வருடம் புதிதாகச் செய்யும் வேலை அல்ல. போன வருடக் கோப்பைத் திறந்து, தேதியை மாற்றி, குடியழைப்பு நேரம் மாற்றி, வரிதாரர் பட்டியலில் செத்தவர் பெயருக்குப் பதில் மகன் பெயரைப் போட்டு அச்சுக்கு அனுப்புவது. பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போனால் ஊரில் ஒரு சண்டை. எனவே பழைய கோப்பு திறப்பது அவருக்குத் தொழிலின் உயிர்.

பேஜ்மேக்கர் 1985-இல் ஆல்டஸ் நிறுவனம் கொண்டுவந்தது. 1994-இல் அந்த நிறுவனம் அடோபியோடு சேர்ந்தது. 2001-இல் வந்த 7.0-க்குப் பிறகு பெரிய பதிப்பு இல்லை. இன்று ஃபோனிலும் இணையத்திலும் ஓடும் யூனிகோடு தமிழ் அதில் நடக்காது. டைப்ரைட்டர் விசைமுறையில் பழகிய கைகளும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த பழைய எழுத்துருக்களும்தான் அதை இங்கே இத்தனை காலம் ஓட்டின. அதன் இடத்தில் அடோபி கொண்டுவந்த இன்டிசைன், சிஎஸ்6 பதிப்பு வரை பேஜ்மேக்கர் 6.0-இன் கோப்புகளையும் அதற்குப் பிந்தைய கோப்புகளையும் திறந்து மாற்றிக்கொடுத்தது. அதன்பின் வந்த சிசி பதிப்புகளில் அந்தக் கதவு இல்லை. இன்னொரு கதவும் மூடியது: போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 வகை எழுத்துருக்களை ஃபோட்டோஷாப் 2021-இலும், மற்ற அடோபி மென்பொருள்கள் 2023 ஜனவரியிலும் கைவிட்டன. ட்ரூடைப் எழுத்துருக்களுக்கு இதனால் சேதமில்லை. எந்தக் கோப்பில் எது இருக்கிறது என்று ஒருமுறை பார்க்காதவருக்கு மட்டும்தான் அதிர்ச்சி.

அந்த அக்கா செய்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. பழைய கணினி ஒன்றை நெட் ஒயர் இல்லாமல் தனியே வைத்திருக்கிறார். அதில் பேஜ்மேக்கர், அதன் எழுத்துருக்கள், பழைய கோப்புகள். வேறு எதுவும் அதில் செய்வதில்லை. திரும்ப வரும் என்று நிச்சயமாகத் தெரிந்த வேலைகளை மட்டும், வரும்போதெல்லாம் ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றிப் புதிய இன்டிசைனில் வைக்கிறார். மாற்றுவதற்கு என்ஹெச்எம் கன்வர்ட்டர் மாதிரி இலவசக் கருவிகள் உண்டு. கவனிக்க வேண்டியது ஒன்றுதான். தமிழ் வரிக்கு நடுவே ஆங்கிலச் சொல் இருந்தால் கருவி அதையும் தமிழ் என்று நினைத்து மாற்றிக் குழப்பிவிடும். மாப்பிள்ளையின் படிப்பும் கம்பெனி பெயரும் இருக்கும் பத்திரிகையை மாற்றிப் பார்த்தால் புரியும். இன்டிசைனில் இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுங்கள் என்று ஆலோசனை சொல்லும் ஆட்கள் உண்டு. அவர்கள் கொடை நோட்டீஸ் அடித்ததில்லை. பாதிக் கோப்புகளை யாரும் திரும்பக் கேட்கப்போவதில்லை. கேட்கும் பாதியை மாற்றினால் போதும். அந்தப் பழைய கணினியின் ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு நகல் வேறு இடத்தில் இருக்கிறதா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒட்டுப் போடுவது

விண்டோஸ் 8-இல் ஸ்டார்ட் மெனு போனபோது கிளாசிக் ஷெல் என்ற இலவச மென்பொருள் அதைத் திரும்பக் கொடுத்துப் பலரைக் காப்பாற்றியது. 2017-இன் கடைசியில் அதை எழுதியவர் நிறுத்திக்கொண்டார். மூலநிரலை வெளியிட்டிருந்ததால் ஓபன்-ஷெல் என்ற பெயரில் வேறு ஆட்கள் தொடர்ந்தார்கள். விண்டோஸ் 11-க்கு ஸ்டார்ட்ஆல்பேக், எக்ஸ்ப்ளோரர்பேட்சர் போன்றவை இருக்கின்றன. டாலியில் இதற்கு முறையான வழியே உண்டு: டிடிஎல் என்ற அதன் சொந்த மொழியில் எழுதி, கடைக்கு வேண்டிய அச்சு வடிவத்தைச் சேர்க்கலாம். அதைச் செய்துகொடுக்கும் ஆட்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள்.

இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. நிறுவனம் திறந்துவைத்த வாசல் வழியாகப் போடும் ஒட்டு நிற்கும். வாசல் இல்லாத இடத்தில் சுவரைக் குடைந்து போடும் ஒட்டு, அடுத்த அப்டேட்டில் விழும். எக்ஸ்ப்ளோரர்பேட்சர் மாதிரியானவை ஒவ்வொரு பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகும் புதிய பதிப்புக்காகக் காத்திருக்க வைப்பது அதனால்தான். வீட்டுக் கணினியில் போட்டு விளையாடலாம். பில் கவுண்டரில் வேண்டாம் என்பேன். எழுதிக்கொடுத்தவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டால் மூலநிரல் யாரிடம் இருக்கும் என்பதையும் பணம் கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாறிவிடுவது

கோபத்தில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் இதுதான். 2011 ஜூனில் ஆப்பிள் ஃபைனல் கட் புரோ எக்ஸ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளைக் கொண்டுவந்தபோது, பல கேமராக் காட்சிகளைச் சேர்த்து வெட்டும் மல்ட்டிகேம் இல்லை, பழைய பதிப்பின் புராஜெக்ட்டுகளும் அதில் திறக்கவில்லை. தொழில்முறை எடிட்டர்கள் பலர் பிரீமியருக்கும் ஆவிட்டுக்கும் போனார்கள். 2012 ஜனவரியில் மல்ட்டிகேம் திரும்ப வந்தது. போனவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. கையில் இருக்கும் படத்தைத் திறக்க முடியாத மென்பொருளுக்காக யார் காத்திருப்பார்கள்?

ஆனால் மளிகைக் கடைக்கு மாறுவது என்றால் சரக்குப் பட்டியல், விலை, வரி விகிதம், ஒவ்வொரு பார்ட்டியின் பாக்கி, கவுண்டரில் நிற்கும் பையனின் விரல் என்று எல்லாம் மாற வேண்டும். பழைய பில்கள் அப்படியே போய்ச் சேருவது அபூர்வம். தொடக்க இருப்பையும் பாக்கியையும் மட்டும்தான் பெரும்பாலும் கொண்டுபோக முடியும். மாறுவதானால் ஏப்ரல் 1, அதற்கு முன் பழையதிலிருந்து எல்லாவற்றையும் எக்செல்லில் எடுத்து வைப்பது. அந்த எக்செல் கோப்பு வெளியே வரவில்லை என்றால், அந்த மென்பொருளை விட்டு ஓட அதுவே போதுமான காரணம். ஒரு வரி காணாமல் போனதற்கு ஓட வேண்டியதில்லை. நம் கணக்கு நமக்கே எடுக்க வராத இடத்தில் இருக்கக் கூடாது.

கேட்டு வாங்குவது

கேட்டால் கொடுப்பார்களா என்று சிரிக்க வேண்டாம். 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பொத்தானை எடுத்தது. ஒரு வருடத்தில் 8.1 பொத்தானைத் திரும்ப வைத்தது. 2015 ஜூலையில் விண்டோஸ் 10 மெனுவையே கொண்டுவந்தது. மேலே சொன்ன விண்டோஸ் 11 டாஸ்க்பாரில், இழுத்துப் பிடிக்கும் வசதி 2022-இல் வந்தது, பெயரோடு தனித்தனியாகக் காட்டுவது 2023-இல் வந்தது. வந்தது உண்மை, எடுத்த காலமும் உண்மை. மைக்ரோசாஃப்ட் அளவுக்குப் பெரிய இடத்தில் நம் ஒரு குரல் அரிசி மூட்டையில் ஒரு அரிசி. பிராந்திய அளவில் விற்கும் பில்லிங் மென்பொருளில் அப்படி இல்லை. அங்கே பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து கேட்டால் அது பெரிய சத்தம்.

கேட்கும் விதத்தில்தான் பாதி இருக்கிறது. "உங்க அப்டேட் உருப்படாது" என்று சொன்னால் ஏஜென்சிப் பையன் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவான். எந்த வேலை நின்றது, யாருக்கு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, இப்போது அதற்குப் பதில் எத்தனை படி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது என்று எழுத வேண்டும். பழைய பில் ஒன்று, புதிய பில் ஒன்று, இரண்டையும் படமெடுத்துச் சேர்க்க வேண்டும். "பழையபடி மாற்று" என்பதைவிட, "பில் வடிவத்தில் வேண்டியவர் வைத்துக்கொள்ளும்படி ஒரு டிக் கொடு" என்று கேட்பது அவர்களுக்குச் செய்யச் சுலபம். ஏஜென்சி வழியாகவும் அனுப்புங்கள், நிறுவனத்தின் முகவரிக்கும் நேராக அனுப்புங்கள். வியாபாரிகள் சங்கத்தில் அதே மென்பொருள் வைத்திருப்பவர்கள் கையெழுத்துச் சேர்ந்தால் இன்னும் நல்லது.

அப்போ அத்தான் என்ன செய்யலாம்?

இது எதிரே நிற்பவர் விஷயம். ஆகவே பழகுவது வெட்டி. கோப்புக்குச் சேதமில்லை, பாக்கி உள்ளே பத்திரமாக இருக்கிறது. ஆகவே மாறுவது அதிகப்படி. ஒட்டு பில் கவுண்டருக்கு வேண்டாம் என்று மேலேயே சொல்லிவிட்டேன். திரும்புவதும் கேட்பதும்தான் மிச்சம், இரண்டையும் சேர்த்தே செய்யலாம் என்றேன். அவரிடம் முந்தைய இரவின் பேக்கப் இருந்தது. கடை பூட்டியபின் பழைய பதிப்பை ஏற்றி, அன்றைய பில்களை மதினி வாசிக்க வாசிக்க மறுபடி அடித்தார்கள். மறுநாளே ஏஜென்சிக்கு எழுத்தில் கேட்டாயிற்று.

பழையதிலேயே அவர் எவ்வளவு காலம் இருக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. வரிச் சட்டம் மென்பொருளிடம் புதிதாக ஏதாவது கேட்கும் வரைதான். 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது, விகிதத்தைக் கையால் மாற்ற விட்ட பழைய மென்பொருள்கள் தப்பித்தன. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து இருப்பதுபோல் வியாபாரிகளுக்கு இடையேயான பில்களுக்கு, அரசுத் தளத்தில் பதிந்து எண் வாங்கும் இ-இன்வாய்ஸ் கட்டாயம் என்று அவருக்கும் வந்தால், பழைய பதிப்பில் விகிதத்தை மாற்றி ஒப்பேற்ற முடியாது. அந்த நாள் வருவதற்குள் அந்த டிக் வந்துவிட்டால் நல்லது. வராவிட்டால் வரும் ஏப்ரலில் வேறு மென்பொருள் என்று அத்தான் ஏஜென்சியிடம் சொல்லியும்விட்டார். ஒரு மாற்று ஏற்பாடும் கையில் இருக்கிறது: புதிய பதிப்பே வேண்டும் என்றானால், காலையில் பார்ட்டி வாரிப் பாக்கியை ஒரே அச்சில் எடுத்து கவுண்டரில் வைத்து, பில்லின் அடியில் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுவது. கூட்ட நேரத்தில் தாமதம் ஆகும். ஆனாலும் மானூர்க்காரர் கம்பியில் குத்துவதற்கு ஒரு வரி இருக்கும்.

இனி அப்டேட் போடுகிறவர்களுக்கு, தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. மார்ச் கடைசி வேண்டாம், ஆடிட் முடியும் செப்டம்பர் வேண்டாம், தீபாவளிக்கு முந்தைய மாதம் வேண்டவே வேண்டாம். டவுன் கடைக்காரர்கள் ஆனித் தேரோட்ட வாரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். கடைக்கு விடுமுறை நாளின் முந்தைய இரவு, பேக்கப்பை பென் டிரைவில் எடுத்து, அது திறக்கிறதா என்று வேறு கணினியில் பார்த்தபின், கவுண்டரில் இருப்பவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள். போட்ட கையோடு ஒரு மாதிரி பில் அடித்து, பழைய பில்லின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.